திருச்சியிலிருந்து செகந்திராபாத்: ஆட்டிசம் உள்ள மகனோடு எல்லோரும் போவதா, வீட்டுக்காரர் மட்டும் போவதா?

உறையூர் அம்மா | ஏப்ரல் 19, இரவு 11:10

எல்லோருக்கும் வணக்கம். பல மாதங்களாக இங்கே படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், எழுதுவது இப்போதுதான். கொஞ்சம் நீளமாக வரும்.

என் வீட்டுக்காரர் பொதுத்துறை வங்கி அதிகாரி. இந்த முறை பிரமோஷன் கிடைத்திருக்கிறது, போஸ்டிங் செகந்திராபாத். மே கடைசிக்குள் சேர வேண்டும். பெண்ணுக்கு 11 வயது, ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். பையனுக்கு 7 வயது, ஆட்டிசம். "தா", "வேணாம்", "பாட்டி", "ஃபேன்" என்று சில சொற்கள் சொல்வான். மற்றதெல்லாம் டேப்லெட்டில், படத்தைத் தொட்டால் சொல்லாகப் பேசும் ஆவாஸ் செயலியைத் தொட்டுத்தான் கேட்பான். வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சிறிய பள்ளி, அங்கே எல்லோருக்கும் இவனைத் தெரியும். ஸ்பீச் தெரபிக்கும் ஓ.டி.க்கும் (ஆக்குபேஷனல் தெரபி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி) போகும் மேடம் இவனை மூன்று வயதிலிருந்து பார்க்கிறார். அவன் காதைப் பொத்துவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்துவிடும்.

சாப்பாடு பெரிய பிரச்சினை. புழுங்கல் அரிசிச் சோறு, தயிர், இட்லி, ஒரே ஒரு பிராண்ட் பிஸ்கட். பால் ஆவின் பச்சை பாக்கெட்டாக இருக்க வேண்டும், பாக்கெட்டைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டம்ளரைத் தொடுவான். தண்ணீர் என்றால் அவனுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காவிரியில் அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனால் அவன் கையை அப்பா பிடித்தபடியே நிற்க வேண்டும்.

மாமியார் சொந்த வீட்டை விட்டு வர மாட்டேன் என்கிறார். பிரமோஷனை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடவா என்று இவர் கேட்கிறார். சரி என்று சொல்லவும் வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் வரவில்லை. இப்படி மாநிலம் மாறிப் போனவர்கள் என்ன செய்தீர்கள், சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற கிளை மேலாளர் | ஏப்ரல் 20, காலை 6:35

அம்மா, நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், சங்கப் பொறுப்பிலும் இருந்தேன். பிரமோஷனை மறுத்து எதையும் இப்போதே எழுதிக் கொடுக்க வேண்டாம் என்று தம்பியிடம் முதலில் சொல்லுங்கள்.

மத்தியப் பணியாளர் துறை 2014 ஜூன் 6 அன்று ஓர் உத்தரவு போட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிக்கும் அரசு ஊழியருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்த பிறகு, 2018 அக்டோபர் 8 அன்று அதை விரிவாக்கிப் புதிதாக வெளியிட்டார்கள். ஆட்டிசம் அதில் உண்டு. பொதுத்துறை வங்கிகளின் இடமாற்றக் கொள்கையிலும் இது ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். தம்பியின் வங்கிக் கொள்கையை எடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. அந்த உத்தரவு பேசுவது வழக்கமான இடமாற்றத்தைப் பற்றி. அதுவும் நிர்வாகச் சூழலுக்கு உட்பட்டுத்தான். பிரமோஷனோடு வரும் போஸ்டிங் அந்தக் கணக்கில் வராது என்று நிர்வாகம் சொல்ல இடம் இருக்கிறது. அதனால் "விலக்கு கொடுங்கள்" என்று மட்டும் எழுதாமல் இரண்டு மாற்று வழிகளையும் சேர்த்து எழுத வேண்டும். ஒன்று, தமிழ்நாட்டுக்குள் வேறு எந்தக் காலியிடமாக இருந்தாலும் சம்மதம். இரண்டு, செகந்திராபாத்தான் என்றால் பிள்ளைக்குத் தெரபியும் பள்ளியும் கிடைக்கும் பகுதியில் கிளை வேண்டும், சேர்வதற்குச் சற்று அவகாசமும் வேண்டும். யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை) நகலையும் டாக்டர் கடிதத்தையும் இணைத்து, முறையான வழியில், கையொப்பம் பெற்ற நகலோடு. வாய்ப்பேச்சில் எதையும் விட வேண்டாம். போனில் "பார்த்துக்கொள்ளலாம்" என்றவர்கள் அடுத்த மாதம் வேறு மண்டலத்துக்குப் போய்விடுவார்கள்.

தாமிரபரணி | ஏப்ரல் 20, காலை 9:02

நான் புனேயில் இருக்கிறேன், மனைவியும் மகளும் திருநெல்வேலியில். மகளுக்கு 12 வயது, ஆட்டிசம். என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். பிள்ளையை அசைக்காதீர்கள். பள்ளி ஏற்றுக்கொண்டிருக்கிறது, தெரபிஸ்ட்டுக்குப் பிள்ளையைத் தெரிகிறது, பாட்டி கூடவே இருக்கிறார். இந்த மூன்றும் ஒரே ஊரில் அமைவது எவ்வளவு அரிது என்பது அவற்றை இழந்து தவித்தவர்களுக்குத்தான் தெரியும். அப்பா மட்டும் போகட்டும். சென்னைக்கு வந்தால் ராத்திரி ரயில் இருக்கிறது, மாதம் இரண்டு முறை வந்து போகலாம். பணி உயர்வால் வரும் கூடுதல் சம்பளம் தெரபிக்கு உதவும். புது மாநிலம், புது மொழி, புதுப் பள்ளி, புது ஆள்கள் என்று எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் அந்தக் குழந்தை தலையில் ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இருவரும் நானே | ஏப்ரல் 20, பகல் 1:48

தாமிரபரணி அண்ணா, மன்னிக்க வேண்டும், இதில் உங்கள் மனைவியின் குரல் இல்லை.

நான் உங்கள் மனைவியின் இடத்தில் இருந்தவள். என் கணவர் வேலைக்காக விசாகப்பட்டினம் போனார், நான் பிள்ளையோடு ஈரோட்டில் இருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை எழுந்து சுவரில் தலையை மோதும்போது அதைத் தடுக்க வீட்டில் என் கை மட்டும்தான். எனக்குக் காய்ச்சல் வந்தாலும் அதே கை. மகன் ஏழெட்டு வயதைத் தாண்டியதும் உடம்பில் பலம் வந்துவிடும், ரோட்டில் அவன் உட்கார்ந்துவிட்டால் நான் ஒருத்தியாகத் தூக்க முடியாது. அப்பா வந்து போகும் ஒவ்வொரு முறையும், அவர் ஊருக்குக் கிளம்பும் பையைப் பார்த்து அவன் அலறுவான். வந்துபோவது அவனுக்கு ஒரு பழக்கமாக மாறவே இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு பிரிவுதான். கடைசியில் நாங்களும் கிளம்பிப் போனோம். முதல் மூன்று நான்கு மாதம் மிகவும் கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு பேர் சேர்ந்து பட்ட கஷ்டம் அது.

உறையூர் அம்மா, முடிவு எடுக்கும்போது உங்கள் தூக்கத்தையும் உங்கள் முதுகையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல வீட்டில் யாருக்கும் தோன்றாது.

தாமிரபரணி | ஏப்ரல் 20, மாலை 7:20

தங்கச்சி, நீங்கள் சொல்வது உண்மை. என் மனைவிக்குப் பக்கத்துத் தெருவிலேயே அவள் அக்கா இருக்கிறாள், என் மாமனார் தினமும் வருவார். அதனால்தான் எங்களுக்கு இது ஓடுகிறது. அப்படித் துணை இல்லாத வீட்டுக்கு என் வழி பொருந்தாது. ஆனால் பிரச்சினை மொழிதான் என்று இன்னமும் சொல்வேன். சொற்பமாகப் பேசும் பிள்ளை, தெலுங்கு பேசும் இடத்தில் போய் என்ன செய்வான்?

மாரேட்பள்ளி மல்லி | ஏப்ரல் 20, இரவு 9:55

செகந்திராபாத் என்றதும் ஓடி வந்தேன். நாங்கள் கும்பகோணம் பக்கம், இங்கே குடியேறிப் பல வருடம் ஆகிறது. என் தங்கை மகனுக்கு ஆட்டிசம், அவனும் இங்கேதான் வளர்கிறான்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத் கன்டோன்மென்ட் பக்கம் தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் இருக்கிறார்கள். மாரேட்பள்ளி, திருமலகிரி, போயின்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கமெல்லாம் தெருவில் தமிழ் காதில் விழும். பத்மாராவ் நகரில் ஸ்கந்தகிரி முருகன் கோயில் இருக்கிறது. வீடு இந்தப் பகுதியில் பாருங்கள். ஐ.டி. கம்பெனிகள் இருக்கும் மேற்குப் பக்கம் போய்விட்டால் கிளைக்கும் தெரபிக்கும் போக்குவரத்திலேயே நாள் போய்விடும். மத்திய அரசின் அறிவுசார் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம், என்.ஐ.இ.பி.ஐ.டி., போயின்பள்ளி மனோவிகாஸ் நகரில்தான் இருக்கிறது. 1984இல் தொடங்கியது. நம் ஊரில் சென்னை முட்டுக்காட்டில் இருக்கும் நிறுவனம் மாதிரி. மதிப்பீடு, தெரபி, சிறப்புப் பள்ளி எல்லாம் உண்டு. தனியார் தெரபி மையங்களும் நிறைய முளைத்திருக்கின்றன, தரம் ஆளுக்கு ஆள் மாறும்.

இனி கவனிக்க வேண்டியவை. இங்கே கடையில் சாதாரணமாகக் கிடைப்பது சோனா மசூரிப் பச்சரிசி. மணமும் வேறு, குழைவும் வேறு. புழுங்கல் அரிசி தேடினால் கிடைக்கும், ஆனால் உங்கள் வீட்டு அரிசியாக இருக்காது. ஒரு மூட்டையை லாரியிலேயே ஏற்றிவிடுங்கள். ஆவின் கிடைக்காது. கிளம்புவதற்கு முன்பே பாலை எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, தூக்கைப் பார்த்துக் குடிக்கும்படி பழக்கிவிட முடியுமா பாருங்கள். தூக்கு கூடவே வரும், பாக்கெட் வராது.

தண்ணீர் பிடிக்கும் பிள்ளை என்றீர்கள். இங்கே அபார்ட்மென்ட்களில் கார் நிறுத்தும் இடத்தில் தரைக்கடியில் சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி, இருக்கும், மேலே இரும்பு மூடி. டேங்கர் வரும்போது திறந்து போட்டுவிட்டு வாட்ச்மேன் அந்தப் பக்கம் போய்விடுவார். வீடு பார்க்கும்போது ஹாலைவிட முதலில் அந்த மூடியைப் பாருங்கள். பூட்டு இருக்கிறதா, இல்லையென்றால் போட ஓனர் சம்மதிக்கிறாரா என்று கேளுங்கள். பால்கனியில் கிரில். வாசல் கதவில் அவன் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள்.

அப்புறம் சத்தம். ஆஷாடத்தில், ஜூலை வாக்கில், போனாலு என்ற அம்மன் திருவிழா வரும். கோல்கொண்டாவில் ஆரம்பித்து அடுத்து செகந்திராபாத் உஜ்ஜயினி மகாங்காளி கோயில். அந்த ஞாயிறும் மறுநாளும் பறையும் ஒலிபெருக்கியும் தெருவெல்லாம் கேட்கும். பெரிய திருவிழா, பார்க்க அழகு, ஆனால் ஜூனில் குடிவந்த ஆட்டிசம் பிள்ளைக்கு அது மிகச் சீக்கிரம். அந்த இரண்டு நாளும் வேறு எங்காவது போய்விடுங்கள். விநாயகர் சதுர்த்தி முடிந்து ஹுசேன் சாகரில் சிலை கரைக்கும் நாளிலும் அப்படித்தான். காதுக்கு மாட்டும் சத்தத் தடுப்பான் அவனுக்கு இப்போதே பழகியிருக்க வேண்டும்.

மதுரை சிறப்பாசிரியை | ஏப்ரல் 21, காலை 7:12

தாமிரபரணி சார் கேட்ட மொழிக் கேள்விக்கு வருகிறேன். இரண்டு மொழி காதில் விழுவதால் ஆட்டிசம் பிள்ளைகளின் பேச்சு மேலும் தாமதப்படுவதில்லை என்றுதான் இதுவரை நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. புது ஊரில் யாராவது "வீட்டிலும் இங்கிலீஷே பேசுங்கள், அப்போதுதான் குழப்பம் இருக்காது" என்பார்கள். கேட்காதீர்கள். பாட்டியோடு போனில் பேச அவனுக்குத் தமிழ் வேண்டும். கோபத்தில் இருக்கும்போது, அழும்போது அம்மா வாயில் வருவதும் தமிழ்தான். அதை எடுத்துவிட்டால் பிள்ளைக்கு வீடே இல்லாமல் போய்விடும்.

ஆவாஸ் சென்னையில் உருவானது, தமிழோடு தெலுங்கும் இந்தியும் அதில் உண்டு. ஆனால் அதற்காக இப்போதே மொழியை மாற்றிவிட வேண்டாம். எந்தப் படம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது அவன் விரலில் பதிந்திருக்கும். அந்த இடம் நகரக் கூடாது. இருப்பதை அப்படியே பேக்கப் எடுத்து வைத்துக்கொண்டு, புதிதாக ஒரு கோப்புறை மட்டும் சேருங்கள்: புது வீட்டு வாசல், லிஃப்ட், வாட்ச்மேன், புது அறை. அப்பா முதலில் போனால் அந்தப் படங்களை அவரே எடுத்து அனுப்பட்டும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வேறு. சாமானையெல்லாம் லாரியில் ஏற்றிவிடலாம். உங்கள் தெரபிஸ்ட் மேடத்துக்கு இந்தப் பிள்ளையைப் பற்றித் தெரிந்தது எதுவும் லாரியில் ஏறாது. அதைக் கிளம்பும் முன்பு எழுதி வாங்குங்கள். நான் சொல்வது பரிசோதனை அறிக்கையை அல்ல. அறிக்கையில் "கவனக் குறைவு, உணர்திறன் மிகுதி" என்று இருக்கும், அதை வைத்துப் புது ஆள் எதையும் செய்ய முடியாது. நான் ஒரு பிள்ளைக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறேன்: "மேசையில் சுண்டுவிரலால் தட்ட ஆரம்பித்தால் இன்னும் இரண்டு நிமிடம்தான் உட்காருவான், அதற்குள் வேலையை முடித்து நீங்களே எழுப்பிவிடுங்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், பாட்டின் முதல் அடியைப் பாடினால் திரும்புவான். பின்னாலிருந்து தொடாதீர்கள். 'இல்லை' என்பதற்குப் பதில் 'அப்புறம்' என்று சொல்லி, எப்போது என்று படத்தில் காட்டுங்கள்." இப்படி இரண்டு பக்கம். கூடவே ஒரு தெரபி வகுப்பை முழுசாக வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி டீச்சரிடமும், பாட்டியிடமும் இதே மாதிரி கேட்டு எழுதுங்கள். பாட்டிக்குத் தெரிந்தது யாருக்கும் தெரியாததாக இருக்கும்.

புது மையத்தில் முதல் வேலையாக மறுபடியும் டெஸ்ட் எடுப்பார்கள். பெரும்பாலும் ஐ.எஸ்.ஏ.ஏ., ஆட்டிசத்தை அளக்கும் 40 கூறுகள் கொண்ட இந்திய அளவுகோல். புது அறை, புது ஆள், புது மொழி, அதிலும் தூக்கம் கெட்ட வாரம் என்றால் மதிப்பெண் மோசமாகத்தான் வரும். அதைப் பார்த்து நொறுங்காதீர்கள். பழைய மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு, பிள்ளை நிலைகொண்ட பிறகு எடுங்கள் என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இன்னொன்று. ஸ்பீச் தெரபிஸ்ட், சைக்காலஜிஸ்ட், சிறப்பாசிரியர் யாராக இருந்தாலும் இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள். உண்மையான ஆள் கோபப்பட மாட்டார். ஓ.டி. அந்தக் கவுன்சிலின் கீழ் வராது, அவர்களிடம் பட்டத்தைக் கேட்க வேண்டும்.

உறையூர் அம்மா | ஏப்ரல் 21, பகல் 12:30

மேடம், நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு மாமியாரிடம் சும்மா கேட்டேன், இவனைப் பற்றி உங்களுக்கு மட்டும் தெரிந்தது என்ன என்று. "மழை வரும் முன்னால் இடது காதைத் தடவுவான், அப்போது மாடிக்குக் கூட்டிப் போகாதே, இடி இடித்தால் படியில் உருண்டுவிடுவான்" என்றார். எனக்கு இது தெரியாது. எழுத ஆரம்பித்துவிட்டேன்.

மருந்து பற்றியும் ஒரு கேள்வி. கவனத்துக்காக மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறான். அங்கே கிடைக்குமா?

கோவை மருந்தாளுநர் | ஏப்ரல் 21, மாலை 5:40

கிடைக்கும், ஆனால் எல்லாக் கடையிலும் வைத்திருக்க மாட்டார்கள். அது ஷெட்யூல் எக்ஸ், அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள மருந்து. சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் வாங்கி இரண்டு ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும், அதற்குத் தனி லைசென்ஸும் வேண்டும். வெளிமாநில டாக்டர் சீட்டைக் காட்டினால் தயங்கும் கடைகள் உண்டு. அதனால் கிளம்பும் முன் உங்கள் டாக்டரிடம் மருந்தின் மூலப் பெயர், அளவு, எப்போதிலிருந்து கொடுக்கிறார், இதற்கு முன் எந்த மருந்தை முயன்று ஏன் நிறுத்தினார் என்ற சுருக்கத்தை லெட்டர்ஹெட்டில் வாங்குங்கள். அங்கே போன வாரத்திலேயே ஒரு குழந்தை மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள், மருந்து தீரும்வரை காத்திருக்க வேண்டாம். பொதுவாக இந்த மருந்துகளை வீடு மாறும் நேரத்தில் கூட்டுவதோ குறைப்பதோ டாக்டரைக் கேட்காமல் செய்யவே கூடாது.

சான்றிதழ் உதவி | ஏப்ரல் 21, இரவு 8:15

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது மற்றதைவிடச் சுலபம்தான்.

மாற்றுத்திறனாளிச் சான்று நாடு முழுக்கச் செல்லும், 2016 சட்டத்தின் 58ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. தெலங்கானாவில் வெகுகாலம் "சதரம்" என்ற மாநிலச் சான்று முறை இருந்ததால், கவுண்டரில் அதைக் கேட்பவர்கள் இன்னும் இருக்கலாம். யு.டி.ஐ.டி. கார்டைக் காட்டி அந்தப் பிரிவைச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குத் தரும் சான்று பெரும்பாலும் தற்காலிகமானது. செல்லுபடித் தேதி நெருங்கியிருந்தால் திருச்சியிலேயே புதுப்பித்துவிட்டுக் கிளம்புங்கள். நிராமயா மருத்துவக் காப்பீடு தேசிய அறக்கட்டளையுடையது, ஆண்டுக்கு 1 லட்சம் வரை, எந்த மாநிலத்திலும் செல்லும், முகவரியை மட்டும் மாற்றுங்கள். தமிழக அரசிடமிருந்து ஏதாவது உதவித்தொகை வந்துகொண்டிருந்தால் அது கூட வராது, அங்கே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், குடியிருப்புச் சான்று கேட்பார்கள். வருமான வரியில் மாற்றுத்திறனாளிப் பிள்ளையைப் பராமரிப்பதற்கான கழிவு (1961 சட்டத்தில் 80டிடி பிரிவு) 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதம் அல்லது அதற்கு மேல் என்றால் 1,25,000. ஆட்டிசத்துக்கு அதற்கான மருத்துவச் சான்றுப் படிவம் (அந்தச் சட்டத்தில் 10-ஐஏ) வேண்டும். பழைய வரிமுறையில் இருந்தால்தான் இது. வங்கிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பள்ளியில் இடமில்லை என்று வாயால் சொன்னால் எழுதிக் கேளுங்கள். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, அதே 2016 சட்டத்தின் 16ஆம் பிரிவு. சிறப்பாசிரியர் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். 2021இல் உச்ச நீதிமன்றம் தொடக்க வகுப்புகளில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று சொல்லியிருக்கிறது. நடைமுறையில் பல பள்ளிகளில் ஒருவர்கூட இருக்க மாட்டார், ஆனால் அந்தக் கேள்விக்குத் தலைமையாசிரியர் என்ன முகத்தோடு பதில் சொல்கிறார் என்பதிலேயே அந்தப் பள்ளி எப்படி என்று தெரிந்துவிடும்.

இருவரும் நானே | ஏப்ரல் 21, இரவு 9:30

யாரும் பெண் குழந்தையைப் பற்றிப் பேசவில்லையே. தெலங்கானாவில் 2018 சட்டப்படி எல்லா வாரியப் பள்ளிகளிலும் தெலுங்கு கட்டாயம். தம்பிக்கு விதிவிலக்கு கேட்டுப் பார்க்கலாம், ஆறாம் வகுப்பில் புது எழுத்தைத் தொடங்கப் போகிறவள் அக்காதான். தோழிகளையும் பாட்டியையும் விட்டுப் போகிறாள், அங்கே போனதும் வீட்டில் எல்லோர் கண்ணும் தம்பி மேல் இருக்கும். அவளிடம் தனியாக உட்கார்ந்து கேட்டீர்களா?

மாரேட்பள்ளி மல்லி | ஏப்ரல் 21, இரவு 10:05

நல்ல கேள்வி. தெலுங்கு தாய்மொழியாக இல்லாத பிள்ளைகளுக்காக 9, 10ஆம் வகுப்பில் "வென்னெல" என்ற எளிய பாடநூல் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பள்ளி எப்படிக் கையாள்கிறது என்பதைக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும். என் பெண்ணிடம் சொல்லி விடுமுறையிலேயே வீடியோ காலில் அ, ஆ சொல்லிக் கொடுக்கச் சொல்கிறேன். பள்ளிக்குப் போகும் முதல் நாள் தெரிந்த முகம் ஒன்றாவது இருக்கும்.

ஜன்னலோரம் | ஏப்ரல் 22, அதிகாலை 4:20

எனக்கு 27 வயது. ஆட்டிசம் எனக்கு. அப்பாவுக்கு ரயில்வே வேலை. நான் சின்னப் பையனாக இருந்தபோது சேலத்திலிருந்து ஆந்திராவில் இருக்கும் குந்தக்கல் போனோம். இங்கே பெற்றோர் பேசுவதைப் படித்தேன். பிள்ளைக்கு உள்ளே என்ன நடந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

என்னிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் அழுவான் என்று நினைத்தார்கள். பெட்டிகளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பெட்டிக்குள் போன பொருள் மறுபடி வெளியே வரும் என்று எனக்குத் தெரியாது. அதனால் என் தலையணையைக் கட்டியபோது அம்மாவைக் கடித்தேன். உங்கள் மகனுடைய பொருள்களைக் கடைசியாகக் கட்டுங்கள், அவன் கண் முன்னாலேயே, அவன் கையாலேயே. போன இடத்தில் முதலில் பிரியுங்கள். ஒரு பெட்டியைக் கட்டி, மறுபடி பிரித்து, பொருள் உள்ளேதான் இருக்கிறது என்று முன்பே பலமுறை விளையாடிக் காட்டுங்கள்.

புது வீடு எனக்குப் பெரிய தொல்லையாக இல்லை. பழைய வீடு என்ன ஆனது என்பதுதான் தொல்லை. நாங்கள் கிளம்பும்போது ஹாலில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதை யார் நிறுத்தினார்கள் என்று குந்தக்கல் போய் எத்தனையோ நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது வாக்கியமாகக் கேட்க வராது, "ஃபேன், ஃபேன்" என்பேன். புது வீட்டில் ஃபேனைப் போடுவார்கள். நான் இன்னும் அழுவேன். உங்கள் வீட்டில் பாட்டி இருக்கப் போகிறார், அது மிக நல்லது. வீடு அப்படியே இருக்கிறது, அவன் கட்டில் அங்கேயே இருக்கிறது என்று தினமும் ஒரே நேரத்தில் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள்.

போன முதல் நாளே ஊர் சுற்றிக் காட்ட வேண்டாம். ஒரு அறை போதும். பழைய போர்வையைத் துவைக்காமல் கொண்டுபோங்கள்.

மதுரை சிறப்பாசிரியை | ஏப்ரல் 22, காலை 6:50

தம்பி, நன்றி. என் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளை ஊருக்குப் போய்வந்ததிலிருந்து "கதவு" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறான். திறக்கச் சொல்கிறான் என்று நினைத்துத் திறந்து திறந்து காட்டிக்கொண்டிருந்தோம். இன்று அவன் அம்மாவிடம் அந்த ஊர் வீட்டைப் பற்றிக் கேட்கப் போகிறேன்.

தாமிரபரணி | ஏப்ரல் 22, இரவு 8:44

இதைப் படித்தபின் மகளுக்கு இன்று புனே அறையை வீடியோவில் காட்டினேன். கட்டில், பாத்திரம், நான் துணி காயப்போடும் கொடி எல்லாம். கொடியைத்தான் வெகுநேரம் பார்த்தாள். நான் எங்கே போகிறேன் என்பதையே அவளுக்கு இதுவரை யாரும் காட்டியதில்லை.

உறையூர் அம்மா, நான் முன்பு சொன்னதில் ஒரு பாதியை மட்டும் பிடித்துக்கொள்கிறேன்: எல்லோரும் ஒரே நாளில் போகாதீர்கள். அவர் முதலில் போய் வீடு, பள்ளி, தெரபி மூன்றையும் பார்த்து வைக்கட்டும். மூன்றும் அமைந்த பிறகு நீங்கள் கிளம்புங்கள்.

உறையூர் அம்மா | ஏப்ரல் 24, இரவு 10:40

இரண்டு நாளாக வீட்டில் இதே பேச்சு. மேலாளர் ஐயா சொன்னபடி இவர் மனு கொடுத்துவிட்டார், கையொப்பம் பெற்ற நகல் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டுக்குள் கிடைத்தால் சரி. கிடைக்காவிட்டால் இவர் மே கடைசியில் தனியாகப் போய்ச் சேருவார். நாங்கள் போனாலு முடிந்து, ஆகஸ்டில். அதற்குள் அங்கே தெரபியில் ஒரு இடமும் பள்ளியின் எழுத்துப்பூர்வமான பதிலும் கிடைக்க வேண்டும். இரண்டும் கிடைக்காமல் நான் வண்டி ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

பெண்ணிடம் தனியாகக் கேட்டேன். வருகிறேன் என்றாள். ஆனால் புது வகுப்பில் தம்பியைப் பற்றி யாரிடம் எப்போது சொல்வது என்பதை அவள்தான் முடிவு செய்வாளாம், நான் முந்திக்கொண்டு டீச்சரிடம் சொல்லக் கூடாதாம். சரி என்றேன்.

மாமியார் அங்கே குடியேற மாட்டார், ஆனால் முதல் மாதம் வந்து இருந்துவிட்டுப் போகிறேன் என்கிறார். அவர் திரும்பி வரும்போது இன்னொரு பிரிவு வருமே என்று பயமாக இருக்கிறது. அவர் வராமலே இருப்பது நல்லதா?

இருவரும் நானே | ஏப்ரல் 24, இரவு 11:15

வரட்டும். வந்தவுடனேயே திரும்பும் நாளை நாள்காட்டியில் பாட்டியின் படத்தோடு ஒட்டிவிடுங்கள், தினமும் ஒரு கட்டத்தை அவனே அடிக்கட்டும். திரும்பிய அன்று மாலை உறையூர் வீட்டிலிருந்து வீடியோ கால் வர வேண்டும், அது தவறக் கூடாது. ரயில் தாமதமானால் ரயிலிலிருந்தாவது.

மாரேட்பள்ளி மல்லி | ஏப்ரல் 25, காலை 8:20

போயின்பள்ளியில் ஒரு வீடு காலியாகிறது, நேற்று மாலை போய்ப் பார்த்தேன். முதல் மாடி, பால்கனிக்கு கிரில் இருக்கிறது. ஓனர் வீட்டம்மா வேலூர்க்காரர், தமிழ் பேசுவார். பிள்ளையைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிட்டேன், ராத்திரி சத்தம் வரலாம் என்பதையும் சொன்னேன். "குழந்தைதானே" என்றார். சம்ப் மூடிக்குக் கொண்டி இருக்கிறது, பூட்டு இல்லை. பூட்டு போடலாம் என்று சம்மதித்திருக்கிறார், சாவி ஒன்று வாட்ச்மேனிடமும் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். மாடிக்குப் போகும் கதவு மட்டும் சரியாக மூடவில்லை, தச்சரைக் கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டுக்காரர் சேரும் வாரமே வந்து பார்க்கட்டும், அதுவரை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஹால், அறைகள், லிஃப்ட், வாசல் எல்லாவற்றையும் போட்டோ எடுத்திருக்கிறேன், எந்த எண்ணுக்கு அனுப்ப என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.